என்ன சொல்லுதா?

அந்த டிவி தொடரைப் பாதியில் நிறுத்தியவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பதினோரு வயதிலேயே நேரில் போய்ச் சண்டை போட்டிருப்பேன். நாற்பது பக்கத்துக்குத் தடயங்களை எழுதி வைத்தவளுக்கு முடிவைக் காட்டாமல் போனது எந்த ஊர் நியாயம்? இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தில் பாதிதான் தொடரின் மேல். மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் கல்கத்தாவின் கிடர்பூரில், துறைமுக ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். கட்டடத்திலேயே நாங்கள் மட்டும்தான் தமிழ்க் குடும்பம். மூன்று வயதில் அங்கே வந்த நான் வங்காளத்தில்தான் கணக்குப் போடுவேன், சண்டை போடுவேன், கனவும் காண்பேன். அப்பா அலுவலக வங்காளத்தை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுவார். அம்மாவுக்குத்தான் எட்டு வருடமாகியும் பாஷை வரவில்லை. அம்பாசமுத்திரத்துப் பேச்சோடு வந்தவள் அப்படியே இருந்தாள். அதனால் கரியாஹாட்டில் புடவைக் கடையோ, பல் டாக்டரோ, பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பார்ப்பதோ, எதுவானாலும் நான் கூடவே போய் இருபக்கமும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். கீழே மற்ற பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது கத்தரிக்காய் விலையைத் தமிழில் சொல்லிக்கொண்டு நிற்பது எனக்கு எரிச்சலாக இருக்கும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போவேன்.

தொடர் வங்காளத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலையில் வரும். ஒரு பழைய ஜமீன் வீடு. அதன் கடைசி மருமகள் மூன்று நாள் காணாமல் போய்த் திரும்பி வருகிறாள். வந்தது முதல் யாருக்கும் புரியாத ஒரு பாஷையில் பேசுகிறாள். அந்த வீட்டில் ஒரே ஒரு அறைக்குள் மட்டும் மழை பெய்யும். மாடிப்படி ஏறிப் போய்ச் சுவரில் முட்டி நின்றுவிடும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், மணி மட்டும் எப்போதும் நாலே கால்.

எங்கள் வீட்டில்தான் கலர் டிவி. கட்டடமே வந்து உட்காரும். தொடர் அரை மணி நேரம் என்றால் அதன் பிறகு சண்டை இரண்டு மணி நேரம். மூன்றாம் மாடியில் இருந்த காக்கு, அதாவது எங்கள் எல்லோருக்கும் சித்தப்பா முறையில் ஒருவர், மருமகள் பேசியதை எல்லாம் கிராப் தாளில் எழுதி, திருப்பிப் போட்டு வாசித்துப் பார்ப்பார். அது சங்கேத மொழி என்பது அவர் கட்சி. அவர் மனைவி காக்கிமாவுக்கு அது செத்துப்போன மூத்தாளின் ஆவி. எதிர் வீட்டுக் கல்லூரி மாணவன், வந்திருப்பவள் வேறொருத்தி, நிஜ மருமகள் அந்தப் படிக்கட்டுச் சுவருக்குப் பின்னால் இருக்கிறாள் என்று அடித்துச் சொல்வான். இதில் அவனும் காக்குவும் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை. நான் மாணவன் கட்சி. என் நோட்டில் மழை அறையின் படம்கூட உண்டு.

அம்மா உட்கார்ந்து பார்த்ததே இல்லை. பத்துப் பன்னிரண்டு பேருக்கு டீ போட்டுவிட்டு, சமையலறை வாசலில் நின்றபடி, ஒவ்வொரு காட்சி முடிந்ததும் என்னைக் கேட்பாள்: “ஏட்டி, என்ன சொல்லுதா?”

நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு வார்த்தையை எறிவேன். திட்டுதா. அழுதா. அவ்வளவுதான் அவளுக்குக் கிடைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்குவாதம் முற்றி, காக்கு எழுந்து நின்றுவிட்டார். அப்போது அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“நான் ஒண்ணு சொல்லுதேன், அவங்ககிட்ட சொல்லு. அவளுக்கு ஒண்ணும் ஆகல. எல்லாம் வெளங்குது. அடுப்புல பால் பொங்குதுன்னு மாமியாக்காரி உள்ள இருந்து சொன்னால்லா, இவ கண்ணு டக்குன்னு அடுப்புப் பக்கம் போச்சு. அந்த வீட்டுப் பேச்சு தெரியாத மாதிரி இருக்கா, அவ்வளவுதான்.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆவி என்கிறார்கள், சங்கேதம் என்கிறார்கள், சுவருக்குப் பின்னால் ஒருத்தி என்கிறார்கள். இவள் பாலைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். இதை நான் எல்லோர் முன்னாலும் மொழிபெயர்த்து மானத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமா? அம்மா என்ன சொல்கிறாள் என்று காக்கு கேட்டார்.

“மா கிச்சு போஜே நா” என்றேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியாது என்று அர்த்தம்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் அப்பா. அதற்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. காக்குவைப் பார்த்து, “புஜி, தாதா. ஷோப் புஜி” என்றாள். புரியும் அண்ணா, எல்லாம் புரியும். பிறகு அந்தப் பால் விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை வங்காளத்திலேயே சொன்னாள். எங்கேயும் தடுமாறவில்லை. அப்பா டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே இருந்தார். காக்கு கிராப் தாளை மடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். எல்லாம் புரிகிறதென்றால் புரியாததுபோல அவள் ஏன் இருக்க வேண்டும்?

அம்மா என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் பின்னாலேயே போய் ஆடித் தீர்த்துவிட்டேன். இத்தனை வருடம் பொய் சொன்னாயா, என்னைக் கடை கடையாக இழுத்தடித்தாயா, என் விளையாட்டெல்லாம் போயிற்றே என்று கத்தினேன். கத்தியது முழுக்க வங்காளத்தில். இவளுக்குத்தான் புரிகிறதே, இனித் தமிழ் எதற்கு?

அம்மா டம்ளர் கழுவிக்கொண்டே தமிழில் சொன்னாள்: “நீதான் நல்லாச் சொல்லுதியே.”

என் அரைகுறைத் தமிழைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே தொடர் நின்றுவிட்டது. காரணம் சொல்லவில்லை. காக்கு டிவி நிலையத்துக்கு மனுவுக்கு மேல் மனு எழுதினார். நான் நோட்டை மறுபடி மறுபடி புரட்டினேன். பால் பொங்கும் அந்தக் காட்சி அதில் இல்லை. அந்தச் சமயம் நான் குனிந்து மழை அறைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மாமியார் சொன்னதை அம்மாவுக்கு நான் சொல்லவே இல்லை. அம்மாவாகவே அதைப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்ற ஒரே நல்ல தடயத்தை, ஊர்ப்பட்ட தடயம் பொறுக்கிய நான் கவனிக்கவில்லை. கோபத்தில் மீதிப் பாதி என் மேல்தான்.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் “என்ன சொல்லுதா?” என்று கேட்கவில்லை. கரியாஹாட்டுக்குத் தனியாகவே பஸ் ஏறிப் போய் வந்தாள். விட்டது தொல்லை என்று நான் தினமும் சாயங்காலம் கீழே இறங்கி ஆட்டம் போட்டேன். அம்மாவிடமும் வங்காளத்திலேயே பேசினேன். அந்த வீட்டில் நான் அம்மாவிடம் பேசிய தமிழெல்லாம் அந்த ஒரு கேள்விக்குச் சொன்ன பதில்தான், அதைக் கேட்கத்தான் அவள் புரியாதவள் மாதிரி இருந்தாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.