விரிசலில் ஒரு புளியங்கொட்டை

சித்திரை மதியங்களில் எங்கள் விளாங்குடி வீட்டுச் சுவர் "சடக்" என்று ஒரு சத்தம் போடும். விரல் சொடுக்குகிற சத்தம்தான். ஆனால் அதைக் கேட்டதும் அம்மா சோற்றுக் கையோடு எழுந்துவிடுவார், அத்தா காது கேளாதவர் மாதிரி தட்டிலிருந்து தலையைத் தூக்கமாட்டார், எனக்கோ அதற்குமேல் ஒரு வாய் உள்ளே இறங்காது.

மதுரைக்குள் எல்லாரும் சேர்ந்திருந்த சந்து வீட்டை விட்டு வந்து, கண்மாயை ஒட்டி வாங்கிய மனையில் அத்தா தனியாகக் கட்டிய வீடு அது. "கம்மாய்க் கரிசல்ல போயி வீடு கட்டுறியே, நிக்குமாடா?" என்று அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, உறவு சனம் அத்தனை பேர் முன்னாலும் கேட்டிருந்தார். வீடு நிற்காவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சந்துக்கே திரும்ப வேண்டும் என்பது சின்னப் பிள்ளைகளான எங்களுக்குக்கூடத் தெரியும்.

கரிசல் மண் தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் வாசலில் என் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அடிமண் சுருங்கச் சுருங்க வீட்டின் மேற்கு மூலை இறங்கி, நடு அறைக் கதவுக்கு மேலே ஒரு விரிசல் வாயைத் திறக்கும். ஐப்பசி மழையில் மண் ஊறி மூலை பழையபடி எழும்பியதும் அது தானாக மூடிக்கொள்ளும். இதைக் கண்காணிக்க அம்மா ஒரு வழி வைத்திருந்தார். விரிசலில் ஒரு புளியங்கொட்டையைச் செருகுவார். கோடையில் அது உள்ளே விழுந்துவிடும், மழைக்காலத்தில் சுவர் இறுகக் கவ்விக்கொள்ளும். "கொட்ட நிக்குதா பாரு" என்பதுதான் எங்கள் வீட்டில் காலையில் கேட்கிற முதல் பேச்சு. நான் ஸ்டூலில் ஏறிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பாறையும் வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, மழைநீரில் இற்று, பொடிந்து மண்ணாகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்த அன்று சாயங்காலம், மொட்டை மாடியில் நின்று மேற்கே நாகமலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்புட்டுப் பெரிய மலையே உதிருமென்றால் எங்கள் செங்கல் சுவர் எந்த மூலைக்கு?

அந்த வருடம் பெருநாள் கோடையில் வந்தது. பெருநாளுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். பெரியத்தா குடும்பத்தோடு வருகிறார் என்று தெரிந்ததும், அத்தா சிமெண்டைக் குழைத்து விரிசலை ஆழம் வரை அடைத்து, மேலே சுண்ணாம்பையும் பூசிவிட்டார். பெரியத்தா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பிரியாணி சாப்பிட்டுப் போனார். அத்தா அன்று எங்களிடம் கேலி பேசிச் சிரித்தார். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐப்பசியில் மழை ஊற்றியது. மண் உப்பி மூலையைத் தூக்கியது. விரிசலுக்குத்தான் மூட இடமில்லையே. ஒரு காலையில் தங்கச்சி ஜன்னத் நடு அறைக்குள் விளையாடிக்கொண்டிருக்க, மேலே சுவர் "மடமட"வென்றது. காரை உதிர்ந்து விழ, நிலை கோணிக்கொண்டு சாத்தியிருந்த கதவு இறுகிவிட்டது. உள்ளே அவள் வீறிட்டு அழுகிறாள். அம்மா கதவில் முகத்தை வைத்து, "யா அல்லா, எம்புள்ளையக் குடுத்துரு" என்று அரற்றினார். சுவர் இதோ விழப்போகிறது என்று நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தா கடப்பாரையால் கீல்களைப் பெயர்த்துக் கதவைச் சாய்த்து அவளை வெளியே தூக்கினார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். வேறு காயமில்லை.

அழுகை அடங்கியதும் அம்மா சொன்னார்: "பெரியத்தா பாத்தா பாத்துட்டுப் போறாக. அது பாட்டுக்குத் தொறந்து மூடட்டும்ங்க."

அத்தா உளியை எடுத்துத் தான் அடைத்த சிமெண்டைத் தானே கொத்தி எடுத்தார். மழை முடிவதற்குள் விரிசல் சேர்ந்துகொண்டது. அம்மா புதுக் கொட்டை ஒன்றைச் செருகினார்.

வருடங்கள் ஓடிவிட்டன, அத்தா காலமாகிவிட்டார். கண்மாய்ப் பக்கமெல்லாம் வீடுகள். தெரு சிமெண்டுச் சாலையாகிவிட்டது. அம்மா வழுக்கி விழக்கூடாதென்று அத்தா கடைசிக் காலத்தில் வாசலுக்கும் தளம் போட்டுவிட்டார். மழைத் தண்ணீர் அடிமண்ணுக்குள் இறங்காமல் சாக்கடையோடு ஓடிவிடுகிறது, இருக்கிற ஈரத்தையும் வீட்டுக்கு வீடு ஆழ்குழாய்க் கிணறு உறிஞ்சுகிறது. கை நுழைகிற அந்த வெடிப்புகளைப் பார்க்க இப்போது வெறும் மண்ணே எங்கள் தெருவில் இல்லை.

இந்த ஐப்பசியிலும் நல்ல மழைதான். அது ஓய்ந்த காலையில் ஸ்டூலில் ஏறி விரிசலில் ஒரு கொட்டையைச் செருகினேன். உள்ளே விழுந்துவிட்டது. இன்னொன்றைச் செருகினேன், அதுவும் விழுந்தது. கண் சரியாகத் தெரியாத அம்மா கட்டிலில் இருந்து கேட்டார்: "கொட்ட நிக்குதா?"

"நிக்குதும்மா," என்றேன்.