மகளை விசாரிக்க வந்தவர்கள்

சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த தாதியருக்குத் தலைமைப் பயிற்சி என்று மகள் சொன்னபோது அந்த முதற்சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் அவளுடைய வாட்டில் பதினெட்டுத் தாதியர். பதினாறு பேர் தமிழர்.

“பதினெட்டிலை பதினாறு எப்பிடிச் சிறுபான்மை?” என்று கேட்டேன்.

“கொழும்பிலை, தாதியருக்கு மேலை இருக்கிற மேற்றன்மாற்றை கூட்டத்திலை வந்து எண்ணிப் பாருங்கோ அப்பா,” என்றாள்.

பயிற்சி ஆறு மாதம், கொழும்பில். முடித்தால் ஒரு வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டராக வரலாம். பல வருடங்களாக அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். எனக்கு வேறு கணக்கு ஓடியது. படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும் சும்மா கொடுத்துவிட்டு, பேசாமல் யாழ்ப்பாணத்துக்குத் திருப்பி அனுப்புவார்களா? தெற்கில் ஆள் இல்லாத ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

தெரிவு செய்வதற்கு முன் வீட்டாரையும் சந்திப்பார்களாம். பாதியில் பிள்ளையைத் திருப்பிக் கூப்பிடும் தகப்பன்மார் அதிகமாம். அதையும் நான் நம்பவில்லை.

மகள் வேலைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பெண்கள் வந்தார்கள். மூத்தவர் ஓய்வுபெற்ற மேற்றன், திருகோணமலைக்காரி. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்குள் அவர்கள் வந்த வான் திரும்பாது. அவர்கள் முடக்கில் இறங்கி மூலை வீட்டில் வழி கேட்டிருக்கிறார்கள். நல்ல சேலை கட்டிய அந்நியப் பெண்கள் இருவர், கலியாணமாகாத பிள்ளையின் வீட்டைக் கேட்டால் எங்கள் ஊர் என்ன நினைக்கும்?

“உங்கடை மகள் வாய் திறவாத பிள்ளையாம்,” என்று மேற்றன் தொடங்கினார். “மூலை வீட்டம்மா சொன்னவ. நிமிர்ந்தும் பாராவாம். நல்லாச் சமைப்பாவாம்.”

மற்றவர் எழுதிக்கொண்டிருந்தார்.

“அப்பிடி அடங்கின பிள்ளைக்கு ஒரு வாட்டை நடத்த ஏலுமோ எண்டு யோசிக்கிறம், ஐயா.”

நான் பேசாமல் இருந்திருந்தால் போதும், மகள் வீட்டோடு நின்றிருப்பாள். ஆனால் வாய் திறவாத பிள்ளையா?

“மூலை வீட்டம்மா உங்களை மாப்பிள்ளை வீட்டார் எண்டு நினைச்சுப்போட்டா,” என்றேன். “கலியாணம் எண்டு விசாரிச்சால் இஞ்சை எல்லாப் பிள்ளையளும் ஊமையள்தான்.”

இருவரும் சிரித்தார்கள். நான் விடவில்லை.

“என்ரை தம்பிக்கு ஒப்பரேசன் செய்தாப்போலை அவளின்ரை வாட்டுக்குப் பார்க்க ஒன்பது பேர் போனனாங்கள். ரெண்டு பேர் நில்லுங்கோ, மிச்ச ஆக்கள் வெளியாலை எண்டாள். நான் தகப்பனெல்லோ எண்டன். ‘ஓம் அப்பா, நீங்கள் மூண்டாவது ஆள்’ எண்டு கதவைச் சாத்திப்போட்டாள்.”

“கோவம் வரேல்லையோ?”

“மூண்டு நாள் அவளோடை கதைக்கேல்லை.”

“அவ என்ன செய்தவ?”

“அவள் அதைக் கவனிக்கவே இல்லை.”

எழுதிக்கொண்டிருந்தவர் முன்னே எழுதியதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார்.

“அப்ப அனுப்புவீங்களோ?” என்று மேற்றன் கேட்டார்.

“பயிற்சி முடிய எங்கை போடுவியள்?”

“இடமாற்றம் எங்கடை கையிலை இல்லை, ஐயா. திரும்பி இஞ்சைதான் வருவா எண்டு நான் வாக்குத் தர ஏலாது.”

அன்று அவர்கள் சொன்னவற்றுள் நான் முழுதாக நம்பியது அது ஒன்றைத்தான். அனுப்புகிறேன் என்றேன்.

மகளுக்கு இடம் கிடைத்தது. நான் சொன்னதைக் கேட்டுத்தான் எடுத்தார்களா, அல்லது முதலே முடிவு செய்துவிட்டு என் வாயைக் கிளறிப் பார்க்க வந்தார்களா என்று எனக்கு இன்னும் தெரியாது. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

“எதெண்டாலும் நான் போறனெல்லோ அப்பா,” என்று சொல்லிவிட்டு, பெட்டியின் மூடியை அமத்திப் பிடிக்கச் சொன்னாள்.