நாலு முழத்துக்கு மேல் கயிறு கிடையாது

கயிறு விற்பவனுக்கு நல்ல சேதி என்று ஒன்று வராது. தாங்கிய கயிற்றைப் பற்றி எவரும் போன் போட்டுச் சொல்வதில்லை. கடை வைத்து அல்லாடுகிறவர்களே, உங்களுக்கு இது புரியும்.

திண்டுக்கல்லில் பாறை ஏறுகிறவர்களுக்குச் சாமான் விற்கிறேன். புதுக் கயிறு, இடுப்பு வார், தோல் பட்டறையில் மிஞ்சும் துண்டுகளில் தைத்த பொடிப் பை. கை வியர்த்து வழுக்காமலிருக்க ஏறுகிறவர்கள் பூசுவார்களே, அந்தப் பொடிக்கு. தையலை யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பழைய பையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துப் பழகியது. ராத்திரி பூராவும் மெஷின், விடிந்தால் தூக்கம். கடையை மனைவி ஸ்டெல்லா பார்த்துக்கொள்வாள். ஓய்ந்துபோன கயிறுகளைத் திரும்ப வாங்கி வாசல் மிதியடி பின்னுவோம். எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது என்பது எங்கள் கடையின் வீறாப்பு. அந்த வீறாப்புதான் ஒரு மனுஷரைக் கிணற்றில் தொங்கவிட்டது.

பிசிறில்லாத கயிறு

வத்தலக்குண்டிலிருந்து மலையேற்றம் சொல்லிக்கொடுக்கும் தம்பி ஒருவர் ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். ஐம்பது மீட்டர். கடையிலிருந்த புதுக் கயிற்றோடு வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. ஜீப்பில் பேட்டரி பக்கத்தில் கிடந்து, ஆசிட் பட்டுவிட்டதாம். ஆசிட் குடித்த கயிறு மேலே மினுமினுப்பாகவே இருக்கும். உள்ளே உயிர் போயிருக்கும். இப்படி வருவதைக் கையோடு சூட்டுக் கத்தியில் துண்டு போட்டுவிட வேண்டும், எவனும் அதை நம்பித் தொங்கிவிடக் கூடாது என்று. எனக்கு அன்று காந்திகிராமத்து மாணவர்களின் பைகளை முடிக்கிற அவசரம். அப்புறம் வெட்டலாம் என்று மூலையில் சுருட்டி வைத்தேன். தம்பி வாசல்வரை போய்த் திரும்பினார்.

"பாத்தாத் தெரியாதுண்ணே. அதான் பயமா இருக்கு. இன்னைக்கே வெட்டிருங்க."

முதல் யாவாரம்

மறுநாள் பதினோரு மணிக்கு எழுந்து வந்தால் மூலை காலி. ஸ்டெல்லாவுக்கு அன்றைய முதல் யாவாரமே அதுதானாம். ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஆளாம், டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தாராம், கிணற்றில் தூர் வார நீளக் கயிறு கேட்டாராம். மூலையில் இருந்ததை அவரே எடுத்துக்கொண்டாராம். போன் நம்பர் இல்லை, பேரும் தெரியாது. "அது செத்த கயிறுடி" என்றேன். ஸ்டெல்லாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கேட்டாள், கேட்க வேண்டியதைத்தான்.

"வெட்ட வேண்டியதை வெட்டாம வச்சுட்டு நீங்க தூங்குறீங்க. நான் யாரைப் போயிக் கேக்குறது?"

டீக்கடை விசாரணை

புதுக் கயிறு ஒன்றை வண்டியில் கட்டிக்கொண்டு ஓடினேன். வழியில் தெரிந்த டீக்கடையிலெல்லாம் நிறுத்தினேன். எந்தக் கிணற்றில் தூர் வாருகிறார்கள் என்று கேட்டேன். ஒரு டீ மாஸ்டர் ஆற்றுகிற கையை நிறுத்தாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தக் கோடையில எந்தத் தோட்டத்துலதான் தூர் வாரல? நீங்க எந்தக் கிணத்துல விழணும்னு சொல்லுங்க, வழி சொல்றேன்."

தென்னையில் கட்டியது

மூன்றாவது டீக்கடையில் ஒரு அக்கா ஆரஞ்சுக் கயிற்றைப் பார்த்திருந்தார். அவர் காட்டிய தோட்டத்துக்குள் நுழைந்தபோதே தெரிந்துவிட்டது. தென்னையிலிருந்து கிணற்றுக்குள் கயிறு விறைப்பாகப் போயிருந்தது. மேலே இரண்டு பேர். எட்டிப் பார்த்தேன். கயிறு வாங்கிப் போன ஆள், பேர் மாரியப்பன் என்று பிறகு தெரிந்தது, பாதிக் கிணற்றில், கல்லில் கால் உதைத்து ஏறிக்கொண்டிருந்தார். கீழே பாறை. நான் கத்தவில்லை, கத்தினால் பதறி உலுக்குவார். புதுக் கயிற்றை மோட்டார் ரூம் தூணில் கட்டி, நுனியில் சுருக்குப் போட்டு இறக்கினேன். "அண்ணே, ஆடாம இதைக் கக்கத்துல மாட்டுங்க." "யார்யா நீ? நல்லாத்தான ஏறி வாரேன்" என்று முனகிக்கொண்டே மாட்டினார். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம்.

அவர் மேலே வந்து உட்கார்ந்ததும் நான் எந்தக் கடைக்காரன் என்று சொல்லி, மேலே நின்றவர் ஒருவரை மறுபக்கம் பிடிக்கவைத்து, ஆரஞ்சுக் கயிற்றை வெடுக்கென்று இழுத்துக் காட்டினேன். மூன்றாவது இழுப்பில் அறுந்தது. அறுந்த இடம், சற்று முன் அவர் தலைக்கு மேலே இருந்த இடம். மாரியப்பன் அறுந்த நுனியைப் பார்த்தார், தன் மார்பில் கிடந்த புதுக் கயிற்றைப் பார்த்தார்.

"இம்புட்டு நல்ல கயிறு கையில வச்சுக்கிட்டு, இதை எதுக்கு அப்பு கடையில போட்டு வச்ச?"

ஆட்டுக்குக்கூட ஆகாது

அன்றிலிருந்து பழைய கயிறு வந்தால், கொண்டுவந்தவர் உட்காரும் முன்னே வெட்டிவிடுகிறேன், துண்டு நாலு முழம். எங்கள் வீறாப்பு குறையவில்லை. மிதியடிதான் கொஞ்சம் சிறுத்துவிட்டது. போன மாதம் மாரியப்பன் இடுப்பு வார் வாங்க வந்தார். ஒவ்வொரு தையலையும் நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு, துண்டுக் கயிற்றுக் குவியலைக் காலால் தள்ளினார்.

"அம்புட்டையும் நறுக்கிப் போட்டுட்டியே, உன் கடையில ஒரு ஆட்டைக் கட்டக்கூடக் கயிறு இல்லியே அப்பு!"

கயிறு விற்றுப் பிழைக்க வந்தவன், இப்போது கயிற்றை வெட்டினால்தான் தூங்குகிறேன்.