ஏரிக்கரை அரங்கன் அடித்த வரி

செந்தமிழ்ச்செல்விக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை கிடையாது. இருபது வருஷமாக அவர்கள் எழுதித் தருவதையெல்லாம் டைப் அடிக்கிறவளுக்கு அது எங்கிருந்து வரும்? சங்கராபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து சந்தில், சரத்குமாரின் ஜெராக்ஸ் கடையில், ஜன்னலோரம் அவளுடைய கம்ப்யூட்டர். மாமியார் தன்னை அடிக்கிறாள் என்று போன மாசம் புகார் அடித்துக்கொண்டு போன மருமகள், இந்த மாசம் வந்து அதே மாமியாருக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்கச் சொல்வாள். "அன்புத் தெய்வமே"ன்னு மேல போடுங்கக்கா என்பாள். போட்டுக் கொடுப்பாள். உள்ளே சிரித்துக்கொள்வாள். முகத்தில் எதுவும் தெரியாது.

எப்படிப்பட்ட கிறுக்கலையும் படித்துவிடுவாள் என்று அவளுக்கு ஊரில் பேர். அந்தப் பேரைக் கேட்டுத்தான் அரங்கநாதன் வந்தார். யூனியன் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். சலவை மடிப்புச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஐந்து லாங் சைஸ் நோட்டு.

"சுயசரித தாம்மா. ஆனா வெறும் சுயசரித இல்ல. மர்மம் இருக்குது. எங்க ஊரு வடகரைமேடு. மலையடிவாரத்துல, ஏரிக்கு வடக்குக் கரை. அந்த ஏரியில நடந்த மர்மங்கள எழுதுனா, படிக்கிறவன் கீழ வெக்க மாட்டான்" என்றார்.

வடகரைமேடு என்றதும் செல்வியின் விரல் ஒரு கணம் நின்றது. பதினோரு வயசுவரை அவள் வளர்ந்த ஊர். அவருக்கு அவளைத் தெரியவில்லை. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

"பேரு இன்னா போடட்டும் சார்?"

"ஏரிக்கரை அரங்கன்" என்றார் அவர், பொன்னாடையைத் தோளில் வாங்குகிற மாதிரி நிமிர்ந்துகொண்டு.

முதல் நோட்டைத் திறந்தாள். ஏரிக்கரை அரங்கன் ஐந்து நோட்டிலும் 'ஏறி' என்றே எழுதியிருந்தார். ஏரியின் நடுவே நள்ளிரவில் நகர்ந்த ஒளி என்று ஒன்பது பக்கம். டார்ச் லைட் கட்டிக்கொண்டு திருட்டுத்தனமாக வலை வீசுகிற ஆட்களின் வெளிச்சம் அது என்று ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த சிறுத்தை என்று ஆறு பக்கம். தெரு நாய் என்று தெரிந்துவிடக் கூடாதே, அதைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட அதன் குரைப்பைக் கேட்கவில்லையாம். மற்ற பக்கமெல்லாம் அவருடைய நேர்மை. தாசில்தார் வியந்தது, கலெக்டர் கைகொடுத்தது. படிக்கப் படிக்க, ஆசாமிக்கு வீட்டில் பேச ஆள் இல்லை போலிருக்கிறது என்று தோன்றியது.

நாலாவது நோட்டில் 'கரை உடைந்த மர்மம்' என்று ஒரு அத்தியாயம் வந்தது.

முப்பத்தோரு வருஷத்துக்கு முந்திய கார்த்திகை மாசம். ஏரி தளும்பி நின்ற ஒரு விடியற்காலையில் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலுக்குப் பக்கத்தில் கரை உடைந்து, தெற்குத் தெருவில் பதினாலு குடிசை போயிற்று. நெல் வயலை முழுக்க மணல் மூடியது. பனைமரத்து முனி கோபித்துக்கொண்டதா, பக்கத்து ஊர்க்காரர்கள் சதியா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் அரங்கன் எழுதியிருந்தார்: 'மதகுக் காவலில் இருந்த செல்லமுத்து என்கிற குடிகாரன் அன்று எங்கே கிடந்தானோ! மர்மம் இன்றுவரை விலகவில்லை.' குடிகாரன் என்ற சொல் அந்த அத்தியாயத்தில் நாலு இடத்தில் இருந்தது.

செல்லமுத்து அவளுடைய அப்பா. டீயைத் தவிர வேறொன்றும் குடித்தறியாத மனுஷன்.

பக்கத்தின் நடுவே இரண்டு வரி மட்டும் பேனாவால் அடித்து, அடித்ததன்மேல் திரும்பவும் அடித்து, காகிதமே கிழிகிற அளவுக்கு மறைக்கப்பட்டிருந்தது. அவள் பக்கத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பின்புறத்தில் எழுத்தின் அழுத்தம் இடவலம் மாறித் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

'ஏறிக்குள் எங்கள் கரும்பு முழுகிக்கொண்டிருந்தது. அண்ணன் சொன்னபடி நான்தான் முதலில் கடப்பாரையைப் போட்டேன்.'

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், வாசலில் கோழிக்கு நொய் போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் எதிரே உட்கார்ந்து, அந்த வரியை அப்படியே சொன்னாள். எழுபத்தி நாலு வயசு அவருக்கு. காது சரியாகத்தான் கேட்கும். கேட்க வேண்டாததற்கு மட்டும் கேட்காது. இது கேட்டது.

"கடப்பாரையா? மழையில ஊறுன மண்ணுக்குக் கடப்பாரை இன்னாத்துக்கு? மம்மட்டி தான்" என்றார்.

"உனக்குத் தெரியுமா?"

"எதிர்ல நின்னு பாத்தவன் கிட்ட தெரியுமான்னு கேக்குறியே. அண்ணங்காரன் ராஜாங்கம், ஏரிய வளைச்சி வெச்ச கரும்பு முழுவுது, மதகைத் தெறன்னு நாலு நாளா நின்னான். ரெண்டாம் போகத்துக்குத் தண்ணி வேணும், தெறக்க மாட்டேன்னேன். அஞ்சாம் நாளு தம்பிய வெச்சி கரையையே வெட்டிட்டான். அந்தாளு அழுதுகினே வெட்டுனான். முப்பது வயசு ஆம்பள."

"பாத்துட்டு ஏம்ப்பா சும்மா இருந்த?"

"யாரு சும்மா இருந்தது? கோயில்ல கூட்டம் போட்டாங்க. அத்தினி பேர் எதிர்லயும் சொன்னேன். ஒருத்தன் வாயத் தொறக்கல. அப்புறம் ராஜாங்கம் எழுந்து, இவன் குடிச்சிட்டுக் கெடந்தான்னு சொன்னான். எல்லாரும் தலைய ஆட்டிட்டானுங்க. அவன் வூட்டுல தான வேலைக்குப் போவணும்?" கோழியை விரட்டிவிட்டுச் சொன்னார்: "ஒரு தரம் சொன்னேன். அதுக்கு மேல சொன்னா என் வாய்க்குத் தான் கேவலம்."

காவல் வேலை போய், குடும்பத்தோடு ஊரை விட்டு வந்து, ஊர் ஊராகக் கரும்பு வெட்டித்தான் அவர் அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார். கரை தானாக உடைந்தது என்றே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். சோறு இறங்கவில்லை. அப்பா இரண்டாம் தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் அரங்கநாதன் வந்ததும் நாலாவது நோட்டை விரித்து வைத்தாள்.

"சார், இங்க ரெண்டு வரி அடிச்சிருக்கீங்க. சேக்கணுமா, வேணாமா?"

அவர் எட்டிப் பார்த்தார். காது சிவந்தது. "அது சும்மா… கற்பனையா எழுதிப் பாத்தது."

"மத்ததெல்லாம் நெசம், இது ஒண்ணு தான் கற்பனைங்களா?"

"ஏம்மா, நீ டைப் அடிக்கத்தான இருக்க? கேள்வி கேக்க உன்ன யாரு…" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "நீ யாரு பொண்ணு?"

"நாலு எடத்துல குடிகாரன்னு எழுதியிருக்கீங்களே, அவரு பொண்ணு."

அரங்கநாதன் ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். சரத்குமார் கொண்டுவந்து கொடுத்த பாட்டிலில் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"அண்ணன் இப்ப உயிரோட இல்லம்மா. அவர் பேரைக் கெடுக்கக் கூடாது. வேணும்னா உங்கப்பா பேர எடுத்துடறேன். ஒரு காவலாளின்னு போட்டுக்கலாம்."

"ரெண்டு வரியும் வரட்டும். இல்லன்னா அந்த அத்தியாயமே வேணாம்."

"மர்மம் இல்லன்னா புத்தகத்துல இன்னாம்மா இருக்குது?" என்றார் அவர். பாவம், அந்த ஒரு உண்மையை மட்டும் தயங்காமல் சொன்னார். ஐந்து நோட்டையும் அள்ளிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே கடைக்கா பஞ்சம்?

இரண்டு மாசம் கழித்து வடகரைமேட்டுச் சமுதாயக் கூடத்தில் வெளியீட்டு விழா என்று போஸ்டர் ஒட்டியிருந்தது. "வர்றியா?" என்று அப்பாவைக் கேட்டாள். "எனக்கு வேல இருக்குது" என்றார் அவர். கோழிக்கூண்டுக்குக் கம்பி கட்டுகிற வேலை. அவள் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனாள்.

கூடத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் சாப்பாட்டுக்கு வந்தவர்கள். மேடையில் பேசிய ஐந்து பேரும், புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காத துணிச்சலோடு, காவியம் என்றார்கள். ஒருவர் ஏரிக்கரை அரங்கனைக் கடலுக்கு ஒப்பிட்டார். செல்வி ஒரு பிரதி வாங்கி அத்தியாயத்தைத் தேடினாள். அப்பாவின் பேர் இல்லை. 'கடமை மறந்த ஒரு குடிகாரக் காவலாளி' இருந்தான். ஏறி, ஏரியாகவில்லை. கள்ளக்குறிச்சிக் கடைக்காரனையும் மனசுக்குள் ஒரு திட்டு திட்டினாள்.

ஏற்புரை முடிந்ததும், வாசகர்கள் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று அறிவித்தார்கள். அவள் எழுந்து போனாள். பெண் வாசகி என்று கைதட்டினார்கள். மேடையில் இருந்த அரங்கநாதன் மட்டும் தட்டவில்லை.

"நான் செல்லமுத்து பொண்ணு" என்றாள். முன்வரிசையில் நரைத்த தலைகள் நிமிர்ந்தன. "சார் கையால எழுதுன நோட்ட நான் படிச்சேன். கரைய நான் தான் வெட்டுனேன்னு எழுதிட்டு, அப்புறம் அடிச்சிருக்காரு. நோட்டு அவர் கிட்ட. என் கிட்ட ஆதாரம் ஒண்ணும் இல்ல. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். சார் கடப்பாரைன்னு எழுதியிருந்தாரு. எங்கப்பா மம்மட்டின்றாரு. எது சரின்னு சார் தான் சொல்லணும்."

மைக்கை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

முப்பத்தெட்டு வருஷம் ஆபீசில் பிழை திருத்திப் பழகிய மனுஷன். வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"மம்மட்டி தான்" என்றார்.

ஸ்பீக்கரில் அது தெருக்கோடிவரை கேட்டது. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. பொன்னாடை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வந்தது. அன்றைக்கும் அழுதாராமே, வெட்டுகிற கை மட்டும் நிற்கவில்லை என்று செல்வி நினைத்துக்கொண்டாள். இரக்கம் வரவில்லை.

முன்வரிசையில் இருந்து பெரியவர் தங்கமணி எழுந்தார். அந்தக் காலத்தில் கோயில் கூட்டத்தை நடத்தியவர். "வுடும்மா. எல்லாருக்கும் தெரிஞ்சது தான? இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது?"

இதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. அரங்கநாதனாவது அடித்து மறைத்தார். இவர்களுக்கு மறைக்கிற சிரமம்கூட இல்லை.

"தெரியுமாங்க? அப்ப மர்மம்னு ஏன் கை தட்டுனீங்க?" என்றாள்.

சாப்பாடு ரெடி என்று யாரோ சொன்னதும், கூட்டம் மொத்தமும் விடுதலையான மாதிரி எழுந்தது. அவள் சாப்பிடாமல் பஸ் ஏறினாள். வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது.

எட்டு நாள் கழித்து தங்கமணியும் இன்னும் மூன்று பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வாழைப்பழம், வெற்றிலை, ஒரு சால்வை. அடுத்த கிராம சபையில் செல்லமுத்துவைக் கூப்பிட்டு மரியாதை செய்வதாக ஊரில் முடிவு பண்ணியிருக்கிறார்களாம். மொபைலில் அந்த 'மம்மட்டி தான்' நாலு ஊருக்குப் போய்விட்டதாம். வெளியே தலை காட்ட முடியவில்லையாம். அதுதான் விஷயம்.

அப்பா சால்வையை விரித்துப் பார்த்து, திரும்ப மடித்து வைத்தார்.

"ஏரிக்குள்ள இப்ப யாரு கரும்பு வெச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

தங்கமணி இருமினார். ராஜாங்கத்தின் மகன்கள் ஐந்து ஏக்கர் வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் தங்கமணிக்கே ஒன்றரை ஏக்கர் இருந்தது.

"அதை வெட்டி எடுத்துட்டு வந்து சொல்லுங்க. நான் வர்றேன்" என்றார் செல்லமுத்து.

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீ வேண்டாம் என்றார்கள். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, செல்வி இத்தனை வருஷத்தில் கேட்டறியாத சிரிப்பு.

மூன்று மாசமாகிவிட்டது. ஊரிலிருந்து யாரும் திரும்பி வரவில்லை. ஏரிக்குள் கரும்பு இந்த வருஷம் நல்ல விளைச்சல் என்று கேள்வி.