அருவிக்குள் போகச் சொன்ன குரல்

பண்பொழிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்த தம்பி, கோமாவிலிருந்து கண் திறந்தான். அந்தக் கண்கள் எங்களைப் பார்க்கவில்லை, திறந்திருந்தன, அவ்வளவுதான். மாதங்கள் போயின. கூப்பிட்டால் திரும்பமாட்டான், கையைப் பிடித்தால் பிடிக்கமாட்டான். உள்ளே இருக்கிறானா? அந்த ஒரு பதில் தெரியாமல் அவன் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை.

ஆம்புலன்ஸில் செங்கோட்டை தாண்டி, மலை இறங்கி, திருவனந்தபுரம் போனோம். மூளை ஸ்கேனை வைத்து ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். அசையாமல் கிடப்பவர்களில் சிலர், சொன்னதை மனசுக்குள் செய்து பார்க்கிறார்கள். அப்போது மூளையில் ரத்த ஓட்டம் மாறுவதை ஸ்கேன் காட்டிவிடும் என்றார். “வழக்கமா டென்னிஸ் ஆடுற மாதிரி நினைக்கச் சொல்லுவோம்.”

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். “டென்னிஸா? அத்தான், கேரம்போர்டு ஆடினாலே இவுகளுக்கு மூச்சு வாங்கும்.”

டாக்டர் சிரித்துவிட்டார். கைகால் அசைகிற, உடம்பு பழகிய எதுவானாலும் சரி என்றார்.

“அப்ப குத்தால அருவிதான்” என்றாள் அவள்.

அவள் குரலைப் பதிவு செய்து, ஸ்கேனுக்குள் அவன் காதில் போட்டார்கள். “எண்ணெயத் தேயுங்க. சூடு பறக்கத் தேயுங்க. ம், உள்ள போங்க. அந்தத் தடியன இடிச்சுத் தள்ளிட்டுப் போங்க.” கொஞ்சம் இடைவெளி. “போதும், வெளிய வாங்க.” மறுபடியும் எண்ணெய், மறுபடியும் அருவி.

திரையில் சாம்பல் நிற மலைபோல அவன் மூளை. அதற்குள் எங்காவது தண்ணீர் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஓரிரு முறை மங்கலாக ஏதோ தெரிந்தது. மற்ற முறையெல்லாம் ஒன்றுமில்லை. “இருக்கார்னு சொல்ல இது போதாது. இல்லைன்னும் சொல்லமாட்டேன், உறங்கியிருக்கலாம். நாங்களே இன்னும் தடவித் தடவித்தான் போறோம்” என்றார் டாக்டர்.

குத்துக்கல்வலசை வீட்டுக்குத் திரும்பியதும் பெரியப்பா வந்தார். கட்டிலருகே நின்றே என்னிடம் ஆரம்பித்தார். “எத்தன நாளைக்குலே இப்படி? போய்ச் சேந்தா அவனுக்கும் நிம்மதி.”

“பெரிய மாமா, அத வெளிய போய்ப் பேசுங்க” என்றாள் அவள்.

“அவனுக்குக் கேக்கவாம்மா போவுது?”

“கேக்காதுன்னு டாக்டரே சொல்லல.”

அவர் கட்டிலை ஒருமுறை பார்த்தார். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் தம்பியின் வாயைத் துடைத்தாள். “சாரல் அடிக்கி. சன்னல மூடவா, தொறந்தே கெடக்கட்டுமா?”

கேட்டுவிட்டு, சன்னல் கதவில் கையை வைத்தபடி, அவன் முகத்தையே பார்த்து நின்றாள். சாரல் அந்தக் கையை நனைத்துக்கொண்டிருந்தது.