இண்டக்ஷன் வாங்கச் சொன்னது நான்தான்

என் தங்கை அந்தச் செய்தித்தாளைக் கவுண்டர் மேல் விரித்தபோது கடையில் கூட்டம் இல்லை. இரண்டு தாள்களை ஒட்டி, ஓரங்களைக் கத்தரித்து, மேலே பேனாவால் ஒரு வட்டமும் ஒரு சதுரமும் வரைந்திருந்தாள். "இதான்க்கா என் கிச்சன். அளவு பிசகாம வெட்டிக்கினு வந்துட்டேன்" என்றாள். வட்டம் பாத்திரம் கழுவும் தொட்டி. சதுரம் அடுப்பு. பழைய வேன் ஒன்றை வாங்கி, எங்கள் ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் விட்டு, அதற்குள் கட்டில், சமையல் மேடை எல்லாம் வைத்துக்கொண்டிருந்தார்கள் அவளும் அவள் கணவரும். கேரவன் என்று நாம் சொல்வதை அவள் கரவான் என்பாள். அந்தச் சதுரத்துக்குள் என்ன வைப்பது என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். "இருபது வருஷமா இதையே விக்கிற. உனக்குத் தெரியாததா?"

தெரியும். மிஷன் வீதியை ஒட்டிய அந்தக் கடையில் மிக்சி, கிரைண்டர், அடுப்பு, குக்கர் என்று எத்தனையோ வீடுகளின் சமையலறையை நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். கணவர் வேலை பார்த்த மில் மூடியதும் நான் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு எட்டரை வரை நிற்கவேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் உண்டு. முதலாளி இல்லாத நேரத்தில் மட்டும்.

தங்கைக்கு என்னைவிட நான்கு வயது குறைவு. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து அவளுக்கு ஒரு சொல்தா வரன் வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருப்பவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவள் விமானம் ஏறிய அன்று நான் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதேன். தங்கையைப் பிரிகிற அழுகை என்று அம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அதில் பாதிதான் அந்த அழுகை. மீதி என்னவென்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அதன் பிறகு படங்கள் வரத் தொடங்கின. கடலோரம் ஒரு வெள்ளை கரவான், அதன் கதவருகே மடக்கு நாற்காலி, சின்ன அடுப்பில் ஒரு பாத்திரம், பக்கத்தில் கரண்டியோடு அவள். படத்தின் பின்னால் "முருங்கைக்காய் கிடைத்தது, சாம்பார் வைத்தேன்" என்று எழுதியிருப்பாள். மற்றவர்கள் கடலைப் பார்ப்பார்கள். நான் அந்த அடுப்பைப் பார்ப்பேன். கடல் நம் ஊரிலேயே இருக்கிறது. கடலைப் பார்த்தபடி சமைப்பதுதான் எனக்கு வாய்க்கவில்லை. நான் போன தூரமெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை வேளாங்கண்ணி, அதுவும் பஸ்ஸில்.

முப்பது வருடம் கழித்து அவர்கள் ஊரோடு வந்துவிட்டார்கள். அவள் கை அன்றைக்குப் போலவே இருந்தது. கவுண்டரில் தாளின் மேல் அவள் கையும் என் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது என் கையை இழுத்துக்கொண்டேன். அவள் கர்வக்காரி இல்லை. எனக்கு அவள் அனுப்பாத பொருள் இல்லை, என் மகன் கல்யாணத்துக்கு அவள் செய்யாத உதவியும் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மற்றதெல்லாம் ஒழுங்காகவே சொன்னேன். வண்டி குலுங்கும்போது திறந்துகொள்ளாத பூட்டு வைத்த சின்ன ஃப்ரிட்ஜ், பேட்டரியிலேயே ஓடுகிற வகை. ஜாடி ஒன்றே ஒன்று கொண்ட சின்ன மிக்சி. மூன்று லிட்டர் குக்கர், அடி அகலமாக. பாத்திரம் சரியாமல் இருக்க மேடையைச் சுற்றி விரல் உயரத்துக்குக் கம்பி. அவள் ஒவ்வொன்றையும் அந்தத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். கடைசியாகச் சதுரத்தைத் தொட்டு, "கேஸா, கரண்ட்டா?" என்று கேட்டாள்.

வீட்டு இன்வெர்ட்டரில் இண்டக்ஷன் அடுப்பு ஓட்டலாமா என்று வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்பார்கள். வேண்டாம், அரை மணியில் பேட்டரியைக் குடித்துவிடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் தங்கையிடம், "வண்டில கேஸ் எதுக்குடி, ஆபத்து. இண்டக்ஷனே வாங்கிக்கோ. பாக்கவும் நீட்டா இருக்கும்" என்றேன்.

"பேட்டரி தாங்குமான்னு பட்டறை மேஸ்திரி சந்தேகப்பட்டாரே."

"ரெண்டு பேரு சமையல்தானே. தாங்கும்."

நான் பெரிதாக எதையும் திட்டமிடவில்லை. எங்கோ ஓரிடத்தில் அந்த அடுப்பு நின்றுபோகும், அவள் சலித்துப்போய்த் திரும்பிவருவாள், இந்த ஊரிலேயே எல்லோரையும்போல நான்கு சுவருக்குள் சமைப்பாள். என் ஆசை அவ்வளவுதான். அவள் கணவருக்குச் சர்க்கரை நோய் என்பதும், சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்வார், போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் அது நினைவுக்கு வரவில்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வண்டி தயாரானதும் கல்வராயன் மலைக்குக் கிளம்பினார்கள். முதல் நாள் அடுப்பு நன்றாகத்தான் ஓடியது. இரண்டாம் நாள் மதியம், கடையில் ஒருவருக்குக் கிரைண்டர் காட்டிக்கொண்டிருந்தபோது அவள் போன் வந்தது.

"அக்கா, அடுப்பு கீச்சு கீச்சுனு கத்திட்டு நின்னுடுச்சு. ஃப்ரிட்ஜும் போச்சு. அரிசி பாதி வெந்தும் வேகாம கெடக்கு. இன்னா பண்ணட்டும்?"

என் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. ஆமாம், சந்தோஷம்தான். பிறகு அவள், "இவரு வேற ஊசி போட்டுக்கினாரு. குக்கர் வச்ச ஒடனே போட்டுக்கினாரு. ஒரு மாதிரி வேர்க்குதுன்றாரு, பேச்சு கொழறுது" என்றாள்.

கிரைண்டர் மூடி என் கையிலிருந்து விழுந்தது. "சர்க்கரை குடு! மொதல்ல சர்க்கரை கரைச்சிக் குடுடி!"

"வண்டில சர்க்கரையே வைக்கலக்கா, அவருக்கு ஆவாதுன்னு."

"ஜாம்? பழம்? எதாவது இனிப்பா?"

"தேன் இருக்கு. நேத்து மலையில வாங்குனது."

"அதைக் குடு. முழுங்க முடியுதா பாத்துக் கொஞ்சம் கொஞ்சமா குடு. போனை வைக்காத."

போனைக் கீழே எங்கோ வைத்துவிட்டாள். கரண்டி பாட்டிலில் படுகிற சத்தம் கேட்டது. "வாயத் தெறங்க, என்னைப் பாருங்க" என்று அவள் கெஞ்சுவது கேட்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதலாளி எதிரிலேயே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒருவழியாக அவர் குரல் கேட்டது. எதற்கு இப்படிக் கத்துகிறாய் என்று மனைவியை அதட்டிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மீதியிருந்த தேனை எனக்கென்று கொண்டுவந்திருந்தாள். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மெர்சிக்கா. நீங்க சொல்லலைன்னா நான் இல்ல" என்றார். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். காபியும் போட்டுக் கொடுத்தேன். அவர் வெளியே சிகரெட் பிடிக்கப் போனதும் தங்கை, "அந்த மேஸ்திரியை விடப்போறதில்ல. மட்டமான பேட்டரியைப் போட்டு ஏமாத்தியிருக்கான். நாளைக்கு ஆளுங்களைக் கூட்டிக்கினு பட்டறைக்குப் போறோம்" என்றாள். தாங்குமா என்று கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

"மேஸ்திரி மேல தப்பில்ல" என்றேன். "எந்தப் பேட்டரி போட்டாலும் அப்படித்தான் ஆயிருக்கும். இண்டக்ஷன் அவ்ளோ இழுக்கும். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொன்ன?"

"வயித்தெரிச்சல்."

அவளுக்குப் புரிய நேரமெடுத்தது. நான் ஏதோ வேடிக்கையாகப் பேசுகிறேன் என்பதுபோல் முதலில் சிரிக்கப் பார்த்தாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம். மேசை மேலிருந்த தேன் பாட்டிலை எடுத்து, மூடியை இறுக்கி, பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். அவரிடம் சொன்னாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வழியில் பார்த்தால் அவர் இன்றும் கைகூப்புகிறார். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நான்கு மாதம் அவள் வரவில்லை; என் போனை எடுக்கவும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தாள். என்னைத் தாண்டி எதிர்க் கவுண்டருக்குப் போனாள். அங்கே நிற்பவர் என்னைவிட மூத்தவர், ஆனால் கடைக்குப் புதியவர். "அக்கா, வண்டிக்குள்ள வைக்கறாப்புல ஒரு கேஸ் அடுப்பு காட்டுங்க" என்று அவரிடம் சொன்னாள். ஐம்பது வருடமாக எனக்கென்றே இருந்த சொல் அது. கண்ணாடி மேடை வேண்டாம், ஸ்டீல் போதும், இரண்டு பர்னர், ஐந்து கிலோ சிலிண்டர் என்று அந்த அம்மாள் பொறுமையாக எடுத்து வைத்தார். என் தங்கை அவர் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டினாள். அந்த அம்மாள் மேல் எனக்கு வந்த பொறாமைக்கு அளவே இல்லை. முப்பது வருடப் படங்களைப் பார்த்துக்கூட எனக்கு அப்படி எரிந்ததில்லை.

ஆனால் அந்த அம்மாள் இரண்டு விஷயங்களை விட்டுவிட்டார். பில் போடப்போகும் நேரத்தில் நான் எழுந்து போனேன். யாரையும் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னேன்: "தீ அணைஞ்சா கேஸ் தானா நிக்கற வால்வு இருக்கற மாடலா எடுங்க. சிலிண்டர் வைக்கற எடத்துல தரையோட ஒட்டி வெளிய ஒரு ஓட்டை விடணும். கேஸ் கசிஞ்சா மேல போவாது, கீழதான் தங்கும்."

என் தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து எதிர்க் கவுண்டர் அம்மாளிடம் நீட்டினாள்.

"அவங்க சொல்றதையும் எழுதிக்குங்கக்கா" என்றாள். "அவங்களுக்குத் தெரியும்."