பனிச்சறுக்கு மலையில் எடுத்த போட்டோ

1974ஆம் வருடம், பிப்ரவரி மாதம். மாண்ட்ரியாலிலிருந்து வடக்கே பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் வருகிற ஒரு பனிச்சறுக்கு மலையில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. 1967இல் இங்கே உலகக் கண்காட்சி நடந்தபோது, அங்கே இருந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வெங்காயம் உரிக்க வந்தவன். கண்காட்சி முடிந்து கூட வந்தவர்கள் எல்லாரும் ஊர் திரும்பினார்கள், நான் திரும்பவில்லை. டவுன்டவுனில் ஓட்டல் ஓட்டலாகத் தட்டுக் கழுவினேன், ராத்திரி வேலை பார்த்தேன், மனைவியையும் மகளையும் வரவழைத்தேன், கடைசியில் சொந்தமாகவே ஒரு ஓட்டல் போட்டுவிட்டேன். எத்தனையோ பிரெஞ்சுக்காரர்களுக்கு முதல் தோசையைச் சுட்டுக் கொடுத்தவன் நான்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். பெரிய படிப்புப் படித்த டாக்டர்களும் இன்ஜினீயர்களும் ஞாயிற்றுக்கிழமை என் கடை வாசலில் குளிரில் வரிசையில் நிற்பார்கள். எல்லாருக்கும் நான் "அண்ணாச்சி".

ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "அங்க போயும் எச்சித் தட்டுதான் கழுவுறானாம்" என்று என் சொந்த அண்ணனே கடைவீதியில் சொன்னதாகக் காதுக்கு வந்தது. அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த வருடம் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பஸ் பிடித்துப் பனிச்சறுக்குக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஒரே ஒரு யோசனைதான். சறுக்குக் கட்டைகளோடு, பின்னால் மலை தெரிய, ஜம்மென்று ஒரு போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்கென்றே நல்ல கேமரா ஒன்றும் வாங்கிவிட்டேன்.

என்னிடம் முதலில் சாப்பாடு மட்டும்தான் கேட்டார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் மனைவிதான், "சோத்தைக் கட்டிக் குடுத்துட்டு நீங்க வீட்ல இருக்கறதா? குடும்பத்தோட வாங்க அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். பஸ்ஸில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரும் அவர்தான். என் மனைவி சேலைக்கு மேலே கோட்டுப் போட்டு, காலில் ரப்பர் பூட்ஸ் மாட்டி, பேசாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் தன் கம்பளித் துண்டைக் கழற்றி அவள் கழுத்தில் சுற்றிவிட்டார்.

"ஸ்கீ தெரியாதவங்களுக்கும் அங்க எவ்வளவோ இருக்கு அண்ணாச்சி. குதிரை வண்டி இருக்கு, குழந்தையை வச்சுப் பலகைல சறுக்கலாம், காட்டுக்குள்ள நடக்கலாம். ஒண்ணும் பிடிக்கலன்னா கணப்பு பக்கத்துல உட்கார்ந்து சூடா சாக்லேட் குடிக்கலாம்."

"மேடம், சும்மா உட்கார்றது மட்டும் எனக்குத் தெரியாது" என்றேன். பஸ்ஸே சிரித்தது. எனக்கும் பெருமைதான்.

போய் இறங்கியதும் பாதிப் பேர் கட்டையை மாட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டார்கள். அந்த அம்மாளும்தான், அது அவருக்கு இரண்டாவது வருடம். மீதி இருந்தவர்களில் நாங்கள் மூன்று பேரும் அவர் பஸ்ஸில் சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்தோம். சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்குச் சட்டம் வைத்த குதிரை வண்டியில் ஒரு சுற்றுப் போனோம். பலகையில் மகளும் மனைவியும் சறுக்கி வந்தார்கள். முந்தானை பறக்க என் மனைவி வாய்விட்டுச் சிரித்ததை இந்த நாட்டில் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். சாக்லேட் குடித்தேன். சுக்குப் போட மறந்த கருப்பட்டிக் காபி மாதிரி இருந்தது. அதையும் உரக்கவே சொன்னேன்.

எல்லாம் முடிந்தும் போட்டோ பாக்கி இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் ஸ்டூடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். மேஜையில் ஒரு டெலிபோன் இருக்கும், ஒயர் இருக்காது. கைக்கடிகாரம்கூடக் கொடுப்பார்கள். போகிறவர்கள் மாட்டிக்கொண்டு, படம் எடுத்துவிட்டு, கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். என் கல்யாணப் படத்தில் நான் போட்டிருக்கும் கோட்டு ஸ்டூடியோக்காரருடையது. அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. அடுத்தவர் பொருளோடு படத்துக்கு நிற்பது எங்களுக்கு அவ்வளவு சாதாரணம்.

சாக்லேட் குடித்த கட்டடத்து வாசலில் சறுக்குக் கட்டைகள் கும்பலாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாம் பழசு, கீறல் விழுந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன மரக் குடிசை. அதன் கதவில் சிலுவை மாதிரி ஒரு குறி. மருந்துக் கடையோ என்னவோ என்று நினைத்தேன். அதன் ஓரமாகப் பனியில் ஒரு ஜோடி கட்டை தனியாகக் குத்திட்டு நின்றது. சிவப்பு நிறம், புதுசு, வெயிலில் மின்னியது. பக்கத்தில் இரண்டு கைக்கம்புகள். எனக்காகவே நட்டு வைத்தது போல இருந்தது.

எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டேன்.

"யாரோடதுப்பா அது?" என்றாள் மகள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

"யாரோடதா இருந்தா என்ன? தின்னுடவா போறோம்? படம் எடுத்ததும் வச்சிருவோம்."

குடிசைப் பக்கம் நின்றால் பின்னால் குப்பைத் தொட்டி தெரிந்தது. அதனால் பைன் மரங்களுக்கு அந்தப் பக்கம், மேலே ஆட்களை ஏற்றிப் போகிற கம்பி நாற்காலிகள் தெரிகிற இடமாகப் பார்த்து வெகு தூரம் நடந்தேன். கட்டைகளைக் கீழே போட்டு, என் ரப்பர் பூட்ஸோடு அதன் மேல் ஏறி நின்றேன். மனைவிக்குக் கேமரா என்றால் பயம், மகள்தான் எடுத்தாள். நின்று ஒன்று, கையைத் தூக்கி ஒன்று. பிறகு மனைவியையும் ஏறச் சொன்னேன்.

"எனக்கு வேண்டாங்க. கொண்டுபோய் வச்சிட்டு வாங்க, யாராச்சும் தேடுவாங்க" என்றாள்.

"தேடினா தேடட்டும். நில்லு, எங்க அண்ணன் பார்க்கட்டும்."

அப்போதுதான் குடிசைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. பிரெஞ்சில் யாரோ கத்தினார்கள். எனக்குச் சமையலறைப் பிரெஞ்சுக்கு மேல் தெரியாது. மகளுக்குத் தெரியும், செயின்ட்-மிஷேலில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு விளையாடியே நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள். கேமராவை இறக்கிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

"அப்பா, அந்த ஆள் ஸ்கீயைக் காணோம்னு கத்துறார். மேல யாரோ விழுந்துட்டாங்களாம்."

அந்த நிமிடமே நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அவள் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. விழவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"ஒண்ணே ஒண்ணு. தோள்ல சாய்ச்சு வச்சு ஒண்ணு எடுத்துரு" என்றேன்.

அவள் எடுத்தாள். அது சரியாக வந்திருக்காது என்று தோன்றி, இன்னொன்று எடுக்கச் சொன்னேன். அதையும் எடுத்தாள். அதற்குள் சிவப்புச் சட்டை போட்ட ஒரு வாலிபன் மரங்களுக்கு நடுவே முழங்கால் பனியில் விழுந்து எழுந்து ஓடி வந்தான். மலையில் அடிபட்டவர்களைக் கீழே கொண்டுவருகிற ஆள் அவன். மற்ற ஆட்கள் மலையின் அடுத்த பக்கத்தில் இருந்ததால், போகக்கூடியவன் அன்றைக்கு அவன் ஒருவன்தான். அந்தக் குடிசை அவர்களுடையது. எந்த நேரமும் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்றுதான் கட்டையை வாசலிலேயே நட்டு வைத்திருந்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

மகளிடம், "கீழ விழுந்து கிடந்துச்சு, யாரும் மிதிச்சிரக் கூடாதுன்னு எடுத்து வச்சோம்னு சொல்லு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்து ஏதோ சொன்னாள், இரண்டே வார்த்தைதான் இருக்கும். அதில் எனக்கு ஒன்று புரிந்தது. மெட்ரோவில் காலை மிதித்துவிட்டால் சொல்வார்களே, 'பார்தோன்', அந்த வார்த்தை. விழுந்து கிடந்ததை எடுத்து வைத்தவர்கள் எதற்கு மன்னிப்புக் கேட்பார்கள்? நான் சொன்னதை அவள் சொல்லவில்லை.

அவன் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. கட்டையை வாங்கிக் கீழே போட்டு ஒரு காலை வைத்து அழுத்தினான், மாட்டவில்லை. நான் பூட்ஸோடு ஏறி மிதித்ததில், காலைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக்குள் பனி போய்க் கெட்டியாக இறுகியிருந்தது. மண்டியிட்டுக் கம்பின் நுனியால் குத்திக் குத்தி அதை எடுத்தான். நானும் குனிந்து கையை நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டான். அவன் குத்திய ஒவ்வொரு குத்தும் எனக்கு இன்றும் கேட்கும். ஒருவழியாக மாட்டிக்கொண்டு போனான். பிறகு இழுவைப் படகு போன்ற ஒன்றோடு நாற்காலியில் மேலே போவது தெரிந்தது.

மலை அடிவாரத்தில் எங்கள் பஸ்காரர்கள் கூடிவிட்டார்கள். அந்தப் படகு இறங்கி வந்தது. கம்பளியில் சுற்றிக் கட்டிப் படுக்க வைத்திருந்தவர் யார் என்று பார்த்தால், என் மனைவியின் கழுத்தில் துண்டைச் சுற்றிவிட்ட அதே அம்மாள். கால் முறிந்திருந்தது. உதடு நீலமாகிப் பற்கள் தந்தி அடித்தன. எங்களோடு வந்த டாக்டர் ஒருவர் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "இவ்வளவு நேரம் பனியில போட்டா வச்சிருந்தாங்க?" என்று கோபப்பட்டார்.

"எவனோ ஸ்கீயைத் தூக்கிட்டுப் போயிட்டானாம் சார்" என்றார் பேராசிரியர்.

நான், ஓட்டல் முதலாளி, யாருக்கும் பயப்படாதவன், பஸ்ஸையே சிரிக்க வைத்தவன், காலடியில் இருந்த பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது பார்க்காமலே தெரிந்தது.

அப்போது என் மனைவி முன்னால் போனாள். அத்தனை படித்தவர்கள் நடுவில் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"நாங்கதாங்க எடுத்தோம். போட்டோ எடுக்க" என்றாள்.

'நாங்க' என்றாள். வேண்டாம், கொண்டுபோய் வையுங்கள் என்று சொன்னவள் அவள்.

பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம். கம்பளிக்குள்ளிருந்து அந்த அம்மாள்தான் தலையைத் திருப்பினார். வலியில் முகம் கோணியிருந்தது.

"போட்டோவுக்கா அண்ணாச்சி?" என்றார். "என்னோடதைக் கேட்டிருக்கக் கூடாதா? அதை நீங்க வாங்கிட்டுப் போயிருந்தா நான் விழுந்தே இருக்க மாட்டேனே."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். இரண்டு மூன்று பேர் நிஜமாகவே சிரித்துவிட்டார்கள். அவர் என் மானத்தைக் காப்பாற்றத்தான் அதைச் சொன்னார். எனக்கு அங்கேயே பனிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

அவரையும் கணவரையும் ஆம்புலன்ஸில் அனுப்பிவிட்டு நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். நான் கொண்டுபோன புளியோதரையை யாருக்கும் என் கையால் பரிமாற முடியவில்லை, மனைவிதான் கொடுத்தாள். அவள் கழுத்தில் அந்தத் துண்டு அப்படியே இருந்தது. அவர் கால் கட்டோடு வீட்டில் இருந்த நாளெல்லாம் என் கடையிலிருந்து இரண்டு வேளையும் சாப்பாடு போயிற்று. என்ன அனுப்பி என்ன? கால் முறிந்தது என்னால் இல்லை. ஆனால் முறிந்த காலோடு அவர் பனியில் கிடந்த அந்தக் கூடுதல் நேரம் முழுக்க முழுக்க என்னுடையது. அதை இட்லியும் சாம்பாரும் வைத்து ஈடுகட்ட முடியாது.

படங்களைக் கழுவி வாங்கினேன். இதுதான் வேடிக்கை: அத்தனையும் பிரமாதமாக வந்திருந்தன. கடைசி இரண்டில் தோளில் சிவப்புக் கட்டை, பின்னால் வெள்ளை மலை, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கட்டையைக் காணோம் என்று மகள் சொன்ன பிறகு சிரித்த சிரிப்பு அது. என் அண்ணன் பார்த்திருந்தால் ஊரையே கூட்டிக் காட்டியிருப்பான். நான் அனுப்பவில்லை. பலகையில் மனைவியும் மகளும் சறுக்கி வருகிற படத்தை மட்டும் அனுப்பினேன். "நீ எங்கே?" என்று கேட்டு எழுதினான். படம் எடுத்தது நான்தான் என்று பதில் போட்டேன்.

மகள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லாரும் அந்த மலைகளில் சறுக்குகிறார்கள். நான் கீழே கணப்பு ஓரமாக உட்கார்ந்து சாக்லேட் குடிக்கிறேன், சும்மா உட்காரக் கற்றுக்கொண்டுவிட்டேன். பெருமை பேசுவதை மட்டும் விட முடியவில்லை, அது என் பிறவிக் குணம். ஆனால் எதையாவது என்னுடையது என்று மார்தட்ட வாயெடுக்கும்போதெல்லாம், கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரோடதுப்பா அது?" என்று கேட்ட அந்த ஒன்பது வயதுப் பெண் எதிரே வந்து நிற்கிறாள், அவளுக்கு நேராகப் பார்த்துப் பதில் சொல்ல முடிந்தால் மட்டும்தான் மேற்கொண்டு பேசுகிறேன்.